நிரை சொன்னாய், மரம் சொல்லவில்லை

வடக்கு 2 டிகிரி 43 மினிட்
செவ்வாய்க்கிழமை, மதியம்

அன்பு மகள் ரதிக்கு அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், முதல் சொல்லை எழுத இன்றைக்குக் கை வரவில்லை, ஆகவே அந்த இடத்தைக் காலியாக விட்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன் நலமறிய ஆவல். வாய்வார்த்தைக்குச் சொல்லும் ஆவல் இல்லை, ஆறு நாளாக மனசு ஒரு இடத்தில் உட்காராமல், போனை எடுத்து எடுத்துப் பார்த்து, உன் அம்மாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஆவல். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், உன்னிடம் ஒன்று சொல்லவும் வேண்டும். கேட்பதை முதலில் கேட்டுவிடுகிறேன், அது கோபத்தோடு வரும், சொல்வதற்குக் கோபம் உதவாது. போனிலேயே கேட்கலாமே என்பாய். போனில் நான் ஒன்று கேட்டால் நீ இரண்டு படம் அனுப்பிப் பேச்சை மாற்றிவிடுகிறாய், இல்லாவிட்டால் லைன் இல்லை என்கிறாய். காகிதத்தில் அது நடக்காது, கடைசி வரி வரைக்கும் நீ படித்துத்தான் ஆகவேண்டும். போன தடவை லீவில் வந்தபோது பார்த்தாயே, நம் வலப்பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியை மாதவி டீச்சர், அவர் இதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அம்மா நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடக் கேண்டீனுக்கு நாற்பது பொட்டலம் நாசி லெமாக் கட்டுவது நிற்கவில்லை, நிறுத்து என்றால் நீங்க செம்பனைக்காட்ட நிறுத்துங்க நான் இத நிறுத்துறேன் என்கிறாள். நீ வாங்கிக் கொடுத்த ஏர் ஃப்ரையரில் அப்பளம் பொரித்தாள், அது உள்ளே பறந்து போய் மேலே ஒட்டிக்கொண்டது, அன்றிலிருந்து அது வெங்காயக் கூடையாகிவிட்டது, நான் சொன்னதாகச் சொல்லாதே. தோட்டத்தில் ஒன்பதாம் பிளாக் மரங்களுக்கு வயதாகிவிட்டதால் அடுத்த வருஷம் சாய்த்துவிட்டு மறுநடவு என்கிறார்கள். அதற்கு மரம் எண்ண ஒரு பறக்கும் கேமரா கொண்டுவந்தார்கள். அது பறந்து எண்ணி 2309 என்றது, நான் நடந்து எண்ணி 2316 என்றேன். சின்ன மானேஜர் என்னைப் பாவமாகப் பார்த்தார். நான் அவரை அழைத்துப்போய்க் கொடி மூடிக் கிடந்த ஏழு மரங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன், அதற்குப் பிறகு அவர் என்னை மண்டோர் என்று கூப்பிடும்போது குரலில் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. இதை எதற்கு எழுதினேன் என்றால், முப்பத்தோரு வருஷம் மரமும் நிரையும் எண்ணியே சோறு தின்றவன் உன் அப்பன், அவனிடம்தான் நீ கணக்குக் காட்டாமல் மறைத்திருக்கிறாய். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கப்பலில் மூன்றாம் ஆபீசராக ஏறியதிலிருந்து நீ எங்களுக்கு ஊர்ப் பெயர் அனுப்புவதை விட்டுவிட்டாய். ஊர் பேர சொன்னா அம்மா டிவியில அந்த ஊரத் தேடிப் பாத்துப் பயப்படுறாங்கப்பா, இனிமே நம்பர் அனுப்புறேன், பூமிக்கும் நம்ம தோட்டம் மாதிரி நெறை இருக்கு, நான் எந்த நெறையில இருக்கேன்னு அனுப்புறேன் என்று சொன்னாய். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பிளாக்குக்குள் மரங்கள் வரிசையாக நிற்கிற நிரையை வைத்துத்தானே மண்டோராக நான் ஆள் பிரித்து அனுப்புகிறேன். என் மகளும் அதே பாஷையில் பேசுகிறாள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். லீவில் வந்தபோது வாசலில் நின்று போனைக் காட்டி, நம்ம வீடு ரெண்டு முப்பத்தெட்டுப்பா என்றாயே, அதைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடமிருந்து 4 S என்று வந்தது. புதன்கிழமை காலையில், அப்பா இன்னிக்கு நம்ம நெறையிலதான் இருக்கேன், 2 40 N, இப்பத்தான் விடியுது என்று எழுதி, கடலில் சூரியன் எழும்புகிற படமும் வந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா, இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. நம் மோட்டாரிலிருந்து குலை ஏற்றும் லோரி வரைக்கும் நம்பர் பிளேட்டில் முதல் எழுத்து N, நம் மாநிலம் நெகிரி செம்பிலான். கடலுக்கு அந்தப்பக்கத்து மாநிலம் சபாவிலிருந்து வருகிற வண்டிக்கு S. ஆக மகள் ஞாயிற்றுக்கிழமை சபாவில் இருந்திருக்கிறாள், கப்பல் மூன்று நாளில் இறங்கி நம் நெகிரிக்கே வந்துவிட்டது, வீடு 38, கப்பல் 40, பிறகென்ன, போர்ட்டிக்சன் கடலில்தான் நிற்கிறது, திடீரென்று வந்து நிற்கப் போகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். பசியாறிட்டியாம்மா என்று காலைச் சாப்பாட்டைக் கேட்டேன். உடனே, இனிமேதான் பசியாறணும் என்று பதில் வந்தது. அப்போது மணி பதினொன்றாகப் போகிறது. கப்பல்காரர்கள் பிள்ளையைப் பட்டினி போடுகிறார்கள் என்று எனக்குக் கோபம், பதினோரு மணிக்கா பசியாறுவ, வயிறு என்னத்துக்கு ஆகும் என்று எழுதினேன். நீ ஒரு சிரிக்கிற முகத்தை அனுப்பிவிட்டுப் போய்விட்டாய்.

அந்தச் சிரித்த முகத்தை நம்பி நாங்கள் போர்ட்டிக்சன் போனோம். அம்மா அரை மணி நேரத்தில் புளிச்சோறும் இறால் சம்பாலும் செய்து டிபன் கேரியரில் அடைத்தாள். சுகுமாறனின் வேன் சும்மா நின்றது, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப்போகும் நேரத்துக்கு முன்னால் எங்களை இறக்கிவிட்டு, சாயந்திரம் வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொன்னான். தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகள் இருக்கின்றனவே, அங்கே போனால் கப்பல் கிட்டத்தில் தெரியும் என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். அம்மா உன் பழைய மஞ்சள் விளையாட்டு பனியனைக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு கப்பலுக்கும் அதை வீசிக் காட்டினாள். மத்தியானத்திலிருந்து ஆறரை வரைக்கும் முப்பத்தோரு கப்பல் போனது, முப்பத்தொன்றுக்கும் வீசினாள், நானும் எண்ணினேன், எண்ணுவதை விட முடியவில்லை. கூப்பிட்டால் உன் போன் அடிக்கவே இல்லை. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மகள் கப்பலில் வருகிறாள், 2 40 N என்றேன். அவர் சிரித்து, சினி பூன் N, சானா பூன் N என்று தூரத்துக் கடலைக் காட்டினார். இங்கேயும் N அங்கேயும் N என்றால் என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, கிண்டல் செய்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இருட்டுகிற நேரத்தில் வேனுக்குள் உட்கார்ந்து புளிச்சோற்றை நாங்களே சாப்பிட்டோம். அம்மா பனியனை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை, காரணம் பிறகு சொல்கிறேன். மத்தியானம் மாதவி டீச்சர் வீட்டு முன்வாசலில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடந்தது. என்னங்க டீச்சர் இந்த நம்பர் என்று போனை நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு, ஒக்காருங்க அங்கிள், இன்னிக்கு அதேதான் பாடம் என்று பிள்ளைகளோடு என்னையும் உட்கார வைத்துவிட்டார். கையில் ஒரு பம்பளிமாஸ் பழம், ஒரு பொட்டலம் ரப்பர் வளையம். காம்பு இருக்கிற பக்கம் வடதுருவம், அடிப்பக்கம் தென்துருவம் என்றார். பழத்தின் நடு இடுப்பில் ஒரு வளையத்தைப் போட்டார், இதுதான் பூமத்திய ரேகை, பூஜ்ஜியம், இங்கிருந்துதான் எண்ண ஆரம்பிக்கணும் என்றார். அதற்கு மேலே ஒன்று, அதற்கு மேலே ஒன்று என்று போட்டுக்கொண்டே போனார். மேலே போகப் போக வளையம் சிறிதாகிக்கொண்டே போய்க் காம்புக்குக் கிட்டே தொளதொளவென்று நின்றது, காம்பில் வெறும் புள்ளிதான், அது தொண்ணூறு. கீழ்ப்பக்கமும் அதே மாதிரி தொண்ணூறு. ஒரு வளையமும் இன்னொரு வளையமும் எங்கேயும் முட்டிக்கொள்ளாது, இதுக்குப் பேர்தான் அட்சரேகை என்றார். மேலே எண்ணினால் வடக்கு, அதற்கு N, கீழே எண்ணினால் தெற்கு, அதற்கு S. N என்றால் நெகிரி இல்லையா டீச்சர் என்று நான் கேட்டதற்குப் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தன, நானும் சிரித்து வைத்தேன், ஆனால் போனைத் திறந்து அந்த N ஐ இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

பாடம் நன்றாக இருந்தது ரதி, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மனசு கிடந்து அடித்துக்கொண்டாலும் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரு டிகிரி மேலே ஏறினால் தரையில் நூற்றுப் பதினோரு கிலோமீட்டராம். ஒரு டிகிரியை அறுபது துண்டு போட்டால் ஒரு துண்டுதான் மினிட், அது இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நம் நிரை இடுப்புக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் நம் தலைக்கு நேராகவே வந்து போகிறது, வருஷம் பூராவும் பகலும் ராத்திரியும் கிட்டத்தட்ட சமம், ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டுகிறது. ஐம்பது அறுபதாம் நிரைக்காரர்களுக்கு ஒரு பருவத்தில் பகல் லேசில் முடியாது, இன்னொரு பருவத்தில் பொழுது எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும், சூரியன் சாய்ந்தே விழுவதால் குளிரும். செம்பனை ஏன் இங்கே வளர்கிறது, இங்கிலாந்தில் ஏன் வளராது என்பதற்கும் முதல் காரணம் அந்த நிரைதான் என்றதும் நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். வடதுருவ நட்சத்திரம் எந்த உயரத்தில் தெரிகிறதோ அதுதான் பார்ப்பவனின் நிரை நம்பராம். அந்தக் காலத்துக் கடலோடிகள் கையை நீட்டி விரலால் அதை அளந்தே ஊர் போய்ச் சேர்ந்தார்களாம். நமக்கு அது இரண்டு டிகிரி சொச்சம், ஒரு விரல் உயரம், செம்பனை மட்டைக்குப் பின்னாலேயே மறைந்துவிடும், அதனால்தான் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இதையெல்லாம் என் மகள் தினமும் செய்கிறாள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

அப்போதுதான் தர்மினி என்று ஒரு சின்னப் பெண், அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்தவள், முன்பல் இரண்டும் விழுந்தவள், டீச்சர் ஒரே ரப்பருல எத்தன ஊரு இருக்கும் என்று கேட்டாள். டீச்சர் வரைபடப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, நம் வளையத்தில் விரலை வைத்துப் பழத்தை மெதுவாகச் சுற்றினார். நம் கோலா சாவாவிலிருந்து மேற்கே கிளம்பினால் மலாக்கா நீரிணை, சுமத்ரா, பிறகு பெருங்கடல், மாலைத்தீவு, சோமாலியா, கென்யா, உகாண்டா, காங்கோ, மறுபடி கடல், பிரேசில், கொலம்பியா, மறுபடி பெரிய கடல், சரவாக், நம் கிழக்குக் கரை ரொம்பின், திரும்பவும் நம் வாசல். இத்தனையும் இரண்டு நாற்பது N. இதில் கடல் இருக்கிற எந்த இடத்திலும் நீ இருக்கலாம். மலாய்க்காரப் பெரியவர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. S என்றால் தெற்கு என்றால் ஞாயிற்றுக்கிழமை நான்கு S எங்கே என்று கேட்டேன். டீச்சர் கீழே இன்னொரு வளையத்தில் விரல் வைத்தார். ஜாவா கடலும் அதில் இருந்தது, கென்யாவின் மொம்பாசாவும் அதில் இருந்தது. ஜாவாவிலிருந்து வந்திருந்தால் நீ ரொம்பின் பக்கத்தில், மொம்பாசாவிலிருந்து வந்திருந்தால் சோமாலியாவுக்கு வெளியே. ஒன்று நம் வீட்டுக் கொல்லைக் கடல். இன்னொன்று, கப்பலைப் பிடித்துக்கொண்டு போய் ஆட்களை மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள் என்று டிவியில் எத்தனையோ தடவை பார்த்த கடல். பிள்ளைகள் பூமியை உரித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டன, எனக்கும் ஒரு சுளை கொடுத்தார்கள், கையிலேயே வைத்திருந்தேன்.

டியூஷன் முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. டீச்சர் உன் படத்தைத் திரும்பப் பார்த்தார். இது எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டார். பத்தே முக்கால், லைன் கோளாறில் தாமதமாக வந்திருக்கும் என்றேன். அவர், அங்கிள், இப்பத்தான் விடியுதுன்னு எழுதியிருக்காங்க, நீங்க கேட்ட ஒடனே இனிமேதான் பசியாறணும்னு பதில் சொல்லியிருக்காங்க, லைன் தாமதமா இருந்தா பதில் எப்படி ஒடனே வரும் என்றார். பதினோரு மணிக்குப் பசியாறும் பெண் என்று உன்னைத் திட்டினேனே, உனக்கு அது காலை ஆறு மணி. அன்றைக்கு நமக்கு விடிந்தது ஏழு பத்துக்கு, உனக்கு விடிந்தது நம் கடிகாரத்தில் பத்தே முக்காலுக்கு. இரண்டும் ஒரே நிரை என்பதால் ஒன்றிலிருந்து ஒன்றை நேராகக் கழிக்கலாமாம், மூன்று மணி முப்பத்தைந்து நிமிஷம். பூமி ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து டிகிரி சுற்றுகிறது, ஆக ஐம்பத்து நான்கு டிகிரி மேற்கே. நமது இன்னொரு நம்பர், அதுதான் மேலிருந்து கீழே போகும் தீர்க்கரேகை, நூற்றியிரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. கழித்தால் நாற்பத்தெட்டு. பழம் தின்னப்பட்டுவிட்டதால் வரைபடத்திலேயே விரல் வைத்தோம். சோமாலியாவுக்கு வெளியே நீலமாக இருந்தது. நீ மறைத்த மரத்தை நான் சூரியனை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன் மகளே. கண்டுபிடித்த சந்தோஷம் கால் நிமிஷம்கூட நிற்கவில்லை.

இப்போது கேட்கிறேன். நீ மண்டோர் வீட்டுப் பெண். பதினான்காம் நிரையில் குளவிக் கூடு இருக்கிறது என்று ஒருவன் நிரையை மட்டும் சொல்லிவிட்டுப் போய், எத்தனையாவது மரம் என்று கேட்காமல் நான் சந்திரனை மறுமுனையிலிருந்து குலை வெட்ட அனுப்பி, அவன் நேராக அந்தக் கூட்டிலேயே அரிவாளை வைத்து, மூன்று நாள் முகம் வீங்கிக் கிடந்தானே, அப்போது நீ முதலாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தாய். நிரையும் சொல், மரமும் சொல் என்று பலகையில் சிவப்புச் சாயத்தில் எழுதியது யார்? உன் கைதான். அந்தப் பலகை இன்றைக்கும் காலையில் ஆட்களுக்குப் பேர் கூப்பிடுகிற கொட்டகையில் தொங்குகிறது, சொல் என்பதில் ஒற்றைக்கொம்பு கொஞ்சம் கோணலாக. அதை எழுதியவளுக்கு அப்பாவிடம் நிரையை மட்டும் சொல்லி மரத்தை மறைக்க எப்படி மனசு வந்தது? நம்ம நெறையிலதான் இருக்கேன் என்றாயே, பொய் இல்லை, ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சனிக்கிழமை நீ ஒரு நிமிஷம் கூப்பிட்டாய். குரலைக் கேட்டதும் எல்லாக் கோபமும் போய்விட்டது. பதினேழு N, வெயில் கொல்லுதுப்பா என்றாய். பதினேழு எங்கேம்மா என்றேன். மேலதான்ப்பா என்றாய். மாச கடைசியில வந்த வழியே திரும்பணும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு இன்றைக்குச் செவ்வாய், ஒரு நம்பரும் இல்லை. வந்த வழியே திரும்ப வேண்டும் என்றால் என்ன வழி என்று எனக்கு இப்போது தெரியும். வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லமாட்டேன். கடலுக்குப் போகிறேன் என்று நீ நின்றபோது சொந்தக்காரர்கள் எல்லாம் எதிர்த்தும் கையெழுத்துப் போட்டவன் நான், அந்தக் கையெழுத்தை வாபஸ் வாங்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். தெரிந்து பயப்படுகிறேன், விடு. தெரியாமல் பாறைமேல் ஏறி நின்று முப்பத்தோரு கப்பலுக்குக் கை காட்டுவது இனி வேண்டாம்.

கேட்டுவிட்டேன். இனிச் சொல்ல வேண்டியது. இதை எழுதாமல் கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அம்மா என் கையிலிருந்து தாள்களை வாங்கி இதுவரைக்கும் படித்துப் பார்த்துவிட்டு, அவ மறைச்சா பொய், நீங்க மறைச்சா பாசமா, எழுதுங்கலா என்று திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சனிக்கிழமை நீ கூப்பிட்டபோது, பின்னால என்னப்பா வண்டி உருள்ற சத்தம், எங்க இருக்கீங்க என்று கேட்டாய். சிரம்பான்லதாம்மா, ஒரு வேலையா வந்தேன் என்றேன். அதுவும் பொய் இல்லை. இந்தக் கடிதத்தின் தலையைத் திரும்பப் பார். நானும் ஒரே ஒரு நம்பர்தான் எழுதியிருக்கிறேன், அதுவும் 43. நம் வீடு 38. ஐந்து மினிட், ஒன்பது கிலோமீட்டர் வடக்கே. நீ ஆபீசர், முதல் வரியிலேயே கவனித்திருப்பாய், கவனித்துவிட்டுப் படபடப்போடுதான் இதுவரைக்கும் படித்திருப்பாய். அன்றைக்குப் பாறையில் சிப்பி கிழித்துவிட்டது, இடது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரல். சர்க்கரை உள்ள கால், வலி தெரியவில்லை, வேனில் ஏறும்போது அம்மாதான் ரத்தத்தைப் பார்த்தாள். மஞ்சள் வைத்துக் கட்டினேன், மறுநாள் வேலைக்குப் போகாததற்குக் காரணம் அதுதான், வெள்ளிக்கிழமை கால் வீங்கிக் காய்ச்சல் வந்து இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். நாளைக் காலையில் பத்து மணிக்கு அந்த விரலை எடுக்கப் போகிறார்கள். ஒரு விரல் மட்டும்தான். இப்போது எடுத்தால் பாதம் பிழைக்கும், தாமதித்தால் மேலே ஏறும் என்று டாக்டரம்மா உள்ளதை உள்ளபடி சொன்னார், எதையும் மறைக்கவில்லை, அது எனக்குத் தைரியமாக இருந்தது. ரதி, இது உன்னால் வந்தது என்று நீ நினைப்பாய் என்றுதான் மறைத்தேன். நினைக்காதே. செருப்பைக் கழற்றியவன் நான், சர்க்கரை மாத்திரையைப் பாதி நாள் விழுங்காமல் விட்டவன் நான், எத்தனையாவது மரம் என்று கேட்காமல் ஓடியவனும் நான்தான். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, அம்மாவுக்குத் தெரியாமல் எழுதலாம் என்றால் அவள் படித்துவிடுவாள், படிக்கட்டும். நடக்க முடியாமல் போய்விட்டால் ஒன்பதாம் பிளாக்கை அந்தப் பறக்கும் கேமராவிடம் கொடுத்துவிடுவார்களே என்று ராத்திரி முழுவதும் அதே நினைப்பு. நாலு விரலோடு நிரை நடக்கலாம் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்கிறார், அவருக்கு இரண்டு விரல் இல்லை.

நீ நன்றாக இரு. போகிற வழியெல்லாம் கடல் உனக்கு வழிவிட்டு, வந்த வழியே பத்திரமாகத் திரும்பி வா. நேரத்துக்குப் பசியாறு, அது எந்த ஊர் நேரமானாலும் சரி. நம் தோட்டத்து முனீஸ்வரருக்கு எல்லை கோலா சாவா பாலத்தோடு முடிந்துவிடுமோ என்று அம்மாவுக்குக் கவலை, அதனால் உன் நம்பரைச் சீட்டில் எழுதி அவர் காலடியில் வைக்கப் போகிறாளாம். நிரையை மட்டும் எழுதி வைத்தால் அவரும் என்னை மாதிரி போர்ட்டிக்சனுக்குப் போய் நிற்பார். ஆகவே மறக்காதே, இனிமேல் இரண்டும் அனுப்பு, எந்தக் கடலாக இருந்தாலும் இரண்டும் அனுப்பு. நலம் என்ற சொல்லுக்கு மேலே விட்ட இடம் அப்படியே இருக்கிறது, நாளைக்குப் பிறகு அம்மா அதை நிரப்பி உனக்கு அனுப்புவாள். நானும் இரண்டும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அப்பா,
முனியாண்டி
வடக்கு 2 டிகிரி 43 மினிட், கிழக்கு 101 டிகிரி 57 மினிட்,
சிரம்பான் ஆஸ்பத்திரி, நான்காவது மாடி, ஜன்னலோரக் கட்டில்.